கம்பெனியில்தானே கை வைத்தான்!

"ஏழை வீட்டிலா திருடினான்? கம்பெனியில்தானே கை வைத்தான்!"

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இராஜபாளையம் கடைவீதியிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்திலும், ஏன், எங்கள் வீட்டுத் திண்ணைகளிலுமே இச்சொற்களைப் பலமுறை கேட்டோம். அம்மாதத்தில்தான், ‘ஐபொம்மா’ என்னும் இணையதளத்தை நடத்தியவர் என்று கூறி ஒருவரை ஐதராபாத் காவல்துறையினர் கைது செய்தனர். புதிய திரைப்படங்களைக் களவாக வெளியிட்டு வந்த தளம் அது. எங்கள் ஊரில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. ஆகவே ஐதராபாத்தில் நடப்பது இங்கே அயலூர்ச் செய்தியன்று. கைதானவர்மீது வழக்கு இருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதாது விடுகிறோம். அவரைவிட, அவரைப் பற்றி மக்கள் பேசிய பேச்சே எங்கள் சிந்தனையைக் கிளறியது.

பாராட்டே மிகுதியாக இருந்தது. ஏழைகளின் தோழன் என்றனர் சிலர். வழக்கு நடத்தப் பணம் திரட்டித் தருவோம் என்றுகூடச் சமூக ஊடகங்களில் எழுதினர். மறுபுறம், இவரைப் போன்றோரைச் சுட்டுத் தள்ளவேண்டும் என்று கொதித்தோரும் உண்டு. நீதிமன்றம் என ஒன்று இருப்பதை இரு சாராருமே மறந்துவிட்டனர் போலும்!

திரைப்படக் களவுக்கும் கம்பெனிக் கணினிகளை உடைக்கும் ஹேக்கருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். முன்னாளில் படச்சுருள்கள் தகரப் பெட்டிகளில் ஊர் ஊராகச் சென்றன. இன்று படம் கணினிக் கோப்பாகவே திரையரங்கிற்கு வருகிறது. வன்தட்டில் வரும், அல்லது செயற்கைக்கோள் வழியாக வரும். அக்கோப்பு பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவியும் எண்களாலானதே. ஒரு திரையரங்கின் கருவிக்கென அனுப்பப்படும் சாவி வேறு திரையரங்கில் செல்லாது; குறித்த நாள்கள் கழிந்தால் அங்கேயும் செல்லாது. இத்தனைக் காவலையும் மீறிப் படம் எவ்வாறு வெளியே வருகிறது? எளிய வழி, அரங்கில் அமர்ந்து கைப்பேசியில் படம் பிடிப்பது. 2024 ஜூலையில் ‘ராயன்’ படத்தை அவ்வாறு பிடித்த மதுரைக்காரர் ஒருவர் திருவனந்தபுரத்தில் சிக்கினார். மற்றொரு வழி, படங்களை அரங்குகளுக்கு அனுப்பும் நிறுவனங்களின் கணினிகளுக்குள்ளேயே புகுவது. 2025 செப்டம்பரில் ஐதராபாத் காவல்துறையினர் ஐவரைக் கைது செய்தபோது, அவர்களுள் பீகார் இளைஞர் ஒருவர் இந்த இரண்டாம் வழியைக் கையாண்டார் என்றே குற்றம் சாட்டினர். அக்குழுவில் நம் மாநிலத்தாரும் இருந்தனர்.

சரி, மக்கள் ஏன் இவர்கள்பால் பரிவு கொள்கின்றனர்? அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நேர்மையாகாது. அதே செப்டம்பரில் தெலங்கானாவில் ‘ஓஜி’ என்னும் படத்தின் முன்னோட்டக் காட்சிக்கு நுழைவுச் சீட்டு 800 ரூபாய்வரை விற்க அனுமதி தரப்பட்டது. நால்வர் உள்ள குடும்பம் சென்றால் 3,200 ரூபாய்! மில்லில் வேலை செய்யும் ஒரு தாய் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்பதை நாங்கள் எழுத வேண்டியதில்லை. நடிகர்களின் ஊதியமோ கோடிகளில் பேசப்படுகிறது. இக்கோபம் பொய்க் கோபமன்று.

நம் பக்கத்து மண்ணுக்கு இத்தகைய பரிவு புதிதுமன்று. திருநெல்வேலிச் சீமையில் ஜம்புலிங்கம் என்றொரு கொள்ளையன் இருந்தான். 1923-இல் காவல்துறையினரின் வேட்டையில் மடிந்தான். ‘இருப்போரிடம் பறித்து இல்லாதோர்க்கு ஈந்தவன்’ என்று மக்கள் அவனைக் கதையாகவும் பாட்டாகவும் பாடினர். டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய எமி கார்மைக்கேல் அம்மையார் அவனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அந்தப் பழைய கதையின் சட்டையைத்தான் இன்று ஹேக்கருக்கு மாட்டிவிடுகிறோம். அளவு பொருந்துகிறதா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

ஐபொம்மா ‘ஈந்தது’ என்ன? படம் இலவசம், ஆனால் படத்தைத் தொட்டால் சூதாட்டச் செயலிகளின் விளம்பரம். அதுவே தளத்தின் வருவாய் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. இணையச் சூதாட்டத்தில் பணத்தை இழந்தோர் தமிழ்நாட்டில் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டதால்தான் 2022-இல் நம் சட்டமன்றம் அதற்கெதிராகச் சட்டம் இயற்றியது என்பதைப் பெற்றோர் அறிவர். 800 ரூபாய்ச் சீட்டை மிச்சப்படுத்திய வீட்டில் எண்பதாயிரம் கடன் நுழையும் வாசல் அது. ஜம்புலிங்கம் யார் வீட்டுக்கும் சூதாட்டப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனதாகக் கதையில்லை!

அடுத்து, ‘கம்பெனி’ என்னும் சொல். அச்சொல்லைக் கேட்டதும் முகமில்லாத ஒரு பூதம் நம் கண்முன் நிற்கிறது. ஆனால் இராஜபாளையத்தில் பிறந்தோர்க்கு அப்படித் தோன்றக் காரணமில்லை. 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலையைத் தொடங்கிய காலமுதல் இவ்வூரின் அடுப்பும் ஆலையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. எங்கள் வகுப்பில் பலருடைய தந்தையரும் அத்தைமாரும் ஷிப்டு பார்த்து உறங்குவோர். ஒரு நாள் ஆலை நின்றால் முதலாளிக்கு எவ்வளவு நட்டம் என்று நாம் கணக்குப் போடுவதில்லை. சம்பளம் வருமா என்றுதான் கேட்கிறோம்.

இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் இது கண்கூடாக நிகழ்ந்தது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்னும் பெரிய கடை நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஹேக்கர்கள் புகுந்தனர். பூட்டை உடைத்தல்ல; வேறொருவரைப் போல நடித்து, ஆள்களை ஏமாற்றிப் புகுந்தனர். ஏறத்தாழ ஆறு வாரங்கள் இணையவழி விற்பனை நின்றது. இலாபத்தில் சுமார் 30 கோடி பவுன் குறையும் என அந்நிறுவனம் மதிப்பிட்டது. பெரிய இடத்து நட்டம், போகட்டும் என்பீர்கள். அதே நாள்களில் கோ-ஆப் என்னும் கூட்டுறவுக் கடைகளும் தாக்கப்பட்டன. ஸ்காட்லாந்தின் தீவுகளில் சில ஊர்களுக்கு அந்தக் கடையைவிட்டால் வேறு பெரிய கடையில்லை. அங்கே அலமாரிகள் வெறுமையாயின. அக்கூட்டுறவின் 65 இலட்சம் உறுப்பினர்களின் விவரங்களும் களவுபோயின. முதலாளியைக் குறிவைத்த கல், ரொட்டி வாங்க வந்தவர்மேல் விழுந்தது. ஜூலையில் நால்வர் கைதாயினர். வயது 17, 19, 19, 20. அந்த இருபது வயதினர் ஒரு பெண். இவ்வரியைப் படிக்கும் மேல்வகுப்புத் தோழியர் சற்று நின்று படிப்பார்கள் என நம்புகிறோம்.

அண்டை ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். அவ்வூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. வேறெங்கோ கிண்டிய பால்கோவாவை ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்று சீட்டு ஒட்டி விற்றால் அவ்வூரார்க்கு வரும் சினம் நாம் அறிந்ததே. அடுப்பருகே நின்று பாலைச் சுண்டக் காய்ச்சியவர் ஒருவர், பேரைச் சொல்லிப் பணம் பார்ப்பவர் மற்றொருவர் என்பார்கள். நூற்றுக்கு நூறு நியாயம். படம் எடுக்கும் கூடத்திலும் அப்படி அடுப்பருகே நிற்போர் உண்டு: விளக்குப் பிடிப்பவர், தையற்காரர், சமையற்காரர். படம் நட்டப்பட்டால் அடுத்த படம் தள்ளிப் போகும். முன்னணி நடிகர் காத்திருப்பார், நாட்கூலிக்காரர் காத்திருக்க முடியாது. பால்கோவாவுக்கு ஒரு நியாயம், படத்துக்கு ஒரு நியாயமா?

இவ்வளவு சொன்னதால், கைதானோர்க்காகப் பேசுவதெல்லாம் தவறு என்று நாங்கள் கருதுவதாக எண்ணவேண்டாம். அமெரிக்காவில் கெவின் மிட்னிக் என்பவர் மோட்டரோலா, நோக்கியா போன்ற நிறுவனங்களின் மென்பொருள்களைக் களவாடிய குற்றத்திற்காக 1995-இல் பிடிபட்டார். விசாரணை முடியாமலே நான்கு ஆண்டுகளுக்குமேல் சிறையிலிருந்தார். ‘கெவினை விடுவி’ என்ற ஒட்டுச்சீட்டுகள் நாடெங்கும் பரவின. அவர் செய்தது சரி என்று எல்லாரும் அதை ஒட்டவில்லை. விசாரணையின்றி அடைத்துவைப்பது சரியன்று என்பதே பலருடைய முறையீடு. எங்கள் கருத்தில் அது மதிக்கத்தக்க குரல். 2000-இல் விடுதலையான அவர், பின்னர் நிறுவனங்களுக்குக் கணினிப் பாதுகாப்பு ஆலோசகராகவே வாழ்ந்து 2023-இல் காலமானார். அதே 2000-இல் ‘ஐ லவ் யூ’ என்னும் கணினி நச்சுநிரல் உலகைக் கலக்கியபோது, அதை உருவாக்கியவர் எனச் சந்தேகிக்கப்பட்ட மாணவரைப் பிலிப்பைன்ஸ் நாட்டில் சிலர் பெருமையோடு பேசினர். அந்நாட்டில் அதற்கெனச் சட்டமே இல்லாததால் வழக்கும் கைவிடப்பட்டது.

நம் நாட்டில் அந்தக் குறையில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, அனுமதியின்றி, தீய நோக்குடன் பிறர் கணினியில் புகுந்து கேடு செய்தால் மூன்றாண்டுவரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டமும் களவாகப் படம் பிடிப்போர்க்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டுவரை சிறை விதிக்கிறது. விசாரித்துத் தண்டிக்க இவை போதும். சுட்டுத் தள்ளவும் வேண்டாம், மாலை சூட்டவும் வேண்டாம்.

கைதையொட்டிப் பலர் கவனியாத செய்தி ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். கைதானவரிடம் பார்வையாளர்கள் ஏறத்தாழ 50 இலட்சம் பேரின் தனி விவரங்கள் இருந்தன என்று ஐதராபாத் காவல் ஆணையர் சஜ்ஜனார் தெரிவித்தார். அவருக்காக வாதாடியவர்களின் விவரங்களும் அதில் இருந்திருக்கக் கூடும். அத்தகைய தளங்களில் உங்கள் வீட்டுக் கைப்பேசி எண்ணை யாரேனும் கொடுத்திருந்து, பின்பு வங்கிக் கணக்கில் பணம் குறைந்தால், சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் முறையிடலாம்.