கடலடிப் பாசியும் கரிசல் நிலமும்

மல்லாங்கிணறு முதலிய கரிசற் கிராமங்களில், பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் கடற்பாசித் திரவம் தெளிக்கும் வழக்கம் பரவி வருகின்றது. பாசியானது கரியமிலவாயுவை உட்கொள்வதால், அதனைத் தெளித்த நிலத்திலும் கரிச்சத்து ஏறும் என்று எண்ணுவோர் உளர். இவ்வெண்ணத்தின் முற்பாதி மெய், பிற்பாதி மெய்யன்று. பணம் செலவிடுமுன் இதனை அறிந்து கொள்ளுதல் நலம்.

மண்டபம், பாம்பன், கீழக்கரை ஓரங்களில் கட்டக்கோரை, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி முதலியவை கடலடிப் பாறைகளையும் பவளக்கற்களையும் பற்றி வளர்கின்றன. பயிர்களைப் போல் இவை வேரால் உண்பதில்லை. அடிப்பாகம் பிடிப்புக்கு மாத்திரமே. நீரிற் கரைந்த கரியமிலவாயுவைச் சூரிய வெளிச்சத்தின் துணையால் உடலாக்கிக் கொள்கின்றன. நீரில் குறைந்ததை ஆகாயம் மெள்ள ஈடு செய்கிறது. ஆயினும் அவ்வுடலில் ஒரு பகுதியை மீனும் நத்தையும் தின்னும். மற்றும் ஒரு பகுதி அழுகி மீண்டும் வாயுவாகும். அலையில் அறுபட்ட சில துண்டுகளே நீரோட்டத்தில் வெகுதூரம் சென்று ஆழ்கடலில் அமிழ்கின்றன. கட்டக்கோரைக்குக் காற்றுக்குமிழ்கள் இருப்பதால், அது மிதந்து சென்று, குமிழ் கெட்டபின் மூழ்கும். ஆயிரம் மீட்டருக்குக் கீழே சென்ற கரி, மேலே திரும்பப் பல நூற்றாண்டுகள் ஆகும். உலகப் பாசிகள் இவ்வாறு ஆண்டொன்றுக்குச் சுமார் 17 கோடி டன் கரியை ஒதுக்குகின்றன என 2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. அது பாசிகள் விளைவிப்பதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கேயாகும். சுண்ணாம்பு உடல் கொண்ட பாசிகளோ, அச்சுண்ணாம்பு உண்டாகும்போது சிறிது வாயுவை வெளிவிடவும் செய்கின்றன.

திரவம் செய்யப் பயன்படும் கப்பாபைகஸ் என்னும் பாசி, மூங்கில் மிதவைகளில் சுமார் 45 நாட்கள் வளர்த்து அறுக்கப்படுகிறது. அறுத்துக் கரை சேர்த்த பாசியின் கரி ஆழ்கடலுக்குப் போவதில்லை. பச்சைப் பாசியைப் பிழிந்த சாற்றில் சாம்பற்சத்தும் வளர்ச்சிப் பொருள்களும் உண்டு. பயிருக்கு அது அனுகூலமே. ஆனால் ஏக்கருக்குச் சில லிட்டர் சாறு கொணரும் கரி மிகச் சொற்பம். தொழுவுரத்திற்கு அது ஈடாகாது.

கரிசல் என்னும் பெயரைக் கொண்டு அம்மண்ணில் கரி மிகுதியென்று எண்ணுவதும் பிழை. நிறம் வேறு, சத்து வேறு. ஆட்டுக்கிடை, மக்கிய குப்பை, கண்மாய் வண்டல் ஆகியவையே இந்நிலத்திற்குரியவை. பருத்திமாரை வயலோரத்தில் கொளுத்துவோர், தம் நிலத்தின் கரியைத் தாமே ஆகாயத்திற்கு அனுப்புகின்றனர்.

பாசியையே லாரியில் தருவித்து இடக் கருதுவோருக்கு இரண்டு சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றுக்கடலும் 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ளன. அங்கே பாசி பறித்தல் ஆகாது. கரையில் ஒதுங்கியதாயினும் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிய பின்னரே இட வேண்டும். நீர் வடியாத கரிசலில் தங்கிய உப்பு எளிதில் நீங்காது.