வரலாறு நமக்கு எதுக்குலே?



போன மாதம் விடுதியில் ஒரு வரலாற்றுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரன் எட்டிப் பார்த்தான். "ஏலே, ரெண்டு அரியர் வச்சிக்கிட்டு ராஜா கதை படிக்கியா? இதுக்கு யாருலே மார்க் போடுவா?" என்றான்.

நியாயமான கேள்விதான். டிப்ளமோ பாடத்திட்டத்தில் வரலாறு கிடையாது. பத்தாம் வகுப்போடு பலருக்கு அது முடிந்துபோன சங்கதி. ஆனாலும் நான் படிக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. டெல்லி சுல்தான்களையும் முகலாயர்களையும் தேடிப் போக வேண்டாம். தென்காசியைச் சுற்றியே எனக்குப் பிடித்த காலங்கள் மூன்று உண்டு.

முதலாவது, தென்காசிப் பாண்டியர் காலம். 1311-ல் மாலிக் காபூர் படையெடுப்புக்குப் பிறகு பாண்டியர் கையைவிட்டு மதுரை படிப்படியாகப் போய்விட்டது. "பாண்டியர் வீழ்ச்சி" என்று பள்ளிக்கூடத்தில் அத்தோடு முடித்துவிடுவார்கள். முடியவில்லை! தெற்கே வந்து தென்காசியை மையமாக்கி மேலும் பல தலைமுறை ஆண்டார்கள். சின்ன வயதில் நாம் படித்த வெற்றி வேற்கையை எழுதிய அதிவீரராம பாண்டியர்கூட இந்த ஊர் அரசர்தான். பெரிய அரசு போன பிறகும் தமிழை விடவில்லை, கோயில் கட்டுவதை விடவில்லை. அதனால்தான் இவர்களை எனக்குப் பிடிக்கும்.

காசி விஸ்வநாதர் கோயில் வேலையைப் பராக்கிரம பாண்டியர் 1446-ல் தொடங்கினார். கோபுரம் அவர் காலத்தில் முடியவில்லை. தம்பி குலசேகர பாண்டியர் முடித்தார். பிற்காலத்தில் அந்தக் கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம் 1990-ல் எழுந்தது. சாரல் காலத்தில் அந்த வாசலில் நின்றால் காற்று ஆளையே தள்ளும். சிவில் படிப்பவன் காற்றழுத்தத்தைப் பற்றி அங்கே போய்ப் படிக்கலாம்!

இதைவிடப் பெரிய பாடம் கல்வெட்டில் இருக்கிறது. இந்தக் கோயிலுக்கு என்றாவது ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை நான் உலகறியப் பணிகிறேன் என்று பராக்கிரம பாண்டியர் பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறார். கட்டிய ராஜா, பின்னால் வரப்போகும் பராமரிப்பு ஆளைக் கும்பிடுகிறார்! நம்மில் பலர் நாளைக்கு மெயின்டனன்ஸ் வேலைக்குத்தானே போகப் போகிறோம்?

இரண்டாவது, பூலித்தேவர் காலம். நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் எல்லாம் இன்று நம் தென்காசி மாவட்டத்து ஊர்கள். 1755-ல் வரி கேட்டு வந்த கர்னல் ஹெரானுக்குப் பூலித்தேவர் பணியவில்லை. வங்காளத்தில் பிளாசிப் போர் நடந்தது 1757-ல். அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் இங்கிலாந்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியது 1775-ல். அதற்கு இருபது வருஷம் முன்னால் நம்ம ஊர்ப் பாளையக்காரர் கம்பெனியை எதிர்த்து நின்றிருக்கிறார்.

1761-ல் யூசுப்கான் அவருடைய கோட்டைகளைப் பிடித்தார். அதே யூசுப்கான் பிறகு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து, 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். இவர் நல்லவர், அவர் கெட்டவர் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாத காலம் அது. அதனாலேயே திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றுகிறது.

மூன்றாவது, ரயில் வந்த காலம். சாரலைக் கொண்டுவரும் அதே ஆரியங்காவுக் கணவாய் வழியாகத்தான் 1904-ல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. கழுதுருட்டியில் உள்ள பதிமூன்று கண் பாலம் அந்தப் பாதையில் இருக்கிறது. 2018-ல் அகலப்பாதையாகித் திறந்த பிறகும் ரயில் அதன்மேல்தான் போகிறது. நூறு வருஷத்துக்கு மேல் நிற்கும் கல் கட்டுமானம்!

இந்தக் காலத்து மனிதர்தான் செங்கோட்டை வாஞ்சிநாதன். அன்று செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956-ல்தான் நம்மோடு சேர்ந்தது. வாஞ்சி புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். 1908-ல் வ.உ.சி.யைச் சிறையில் போட்டதும், சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதும் அந்தக் கோபத்தின் பின்னணி. வாஞ்சி சட்டைப்பையில் இருந்த கடிதத்தின் வரிகளை வைத்து இன்றும் வாதம் நடக்கிறது. கேட்ட கதையோடு நிற்காமல் ஆவணத்தைப் படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் காலம்தான்.

சரி, என் கட்டில்காரனுக்கு என்ன பதில்? ஒரு உண்மையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். போன கோடை விடுமுறையில் ஒரு கிராமத்துப் பழைய மண்டபத்தைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனேன். ஒரு தூணில் எழுத்து மாதிரி வரிவரியாக இருந்தது. "பூசுடே, நேரமாச்சு" என்றார் மேஸ்திரி. சிமென்ட் கலவையை அப்பியது என் கைதான். அது கல்வெட்டா, வெறும் உளிக்கோடா? இன்றுவரை எனக்குத் தெரியாது. பராக்கிரம பாண்டியர் கும்பிட்டது என்னை மாதிரி ஆளையா? நிச்சயமாக இல்லை.

நண்பர்களே, கல்வெட்டைக் காப்பாற்றப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகத் தெரியும். இதற்குப் பெயர் மைப்படி. தொல்லியல் துறையினர் அதை எடுத்துப் படித்துக்கொள்வார்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர்களுக்கு ஒரு தகவல் சொல்வதுதான் நம் வேலை. அந்த ஒரு நிமிஷம் நிற்கத் தோன்ற வேண்டுமே, அதற்குத்தான் வரலாறு.

மார்க் யாரும் போட மாட்டார்கள். அரியரையும் எழுதத்தான் போகிறேன். ஆனால் இந்த விடுமுறையில் முதல் வேலையாக, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, அந்த மண்டபத்துத் தூணைப் பார்க்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் விடுதிக்கு வந்து சொல்லுங்கள்!