தவறணை மண்ணும் ஓசோன் படையும்

மலையில் கொழுந்தெடுக்கும்போது காற்று சில்லென்று வீசும். "இந்த வெயில் நம்மள என்ன செய்யப் போகுது?" என்று தலைத்துண்டை அவிழ்த்துவிடுகிறோம். ஆனால் வெயிலின் சூடு வேறு, அதோடு வரும் புறஊதாக் கதிர் வேறு. உயரம் கூடக்கூட அந்தக் கதிரும் கூடும். அது கண்ணில் புரை வளர்க்கும், தோலைக் கெடுக்கும், பயிர்பச்சையையும் விட்டுவைக்காது. ஆகவே, உச்சி வெயிலில் தலைத்துண்டை மட்டும் அவிழ்க்காதீர்கள்.

இந்தக் கதிரின் பெரும்பங்கை மேலேயே தடுத்துவிடுவது ஓசோன் படை. தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீற்றர் உயரத்தில் அது பரவியிருக்கிறது. படை என்றதும் தடித்த கம்பளி மாதிரி என்று எண்ணிவிட வேண்டாம். அந்த ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்கு இறக்கி அடுக்கினால் 3 மில்லிமீற்றர் தடிப்புத்தான் தேறும்!

அந்தாட்டிக்காவுக்கு மேலே இந்தப் படை வெகுவாக மெலிந்துவருவதை விஞ்ஞானிகள் 1985இல் அறிவித்தார்கள். குளிர்சாதனப் பெட்டிகளில் நிரப்பிய குளோரோபுளோரோகாபன் என்ற வாயுவே முக்கிய காரணம். "அது வசதியான வீட்டுச் சங்கதி, லயத்துக்காரருக்கு என்ன?" என்று கேட்கலாம். நமது தவறணைகளிலும் அப்படியொரு வாயு இருந்ததே!

தேயிலைக் கன்று வளர்க்கும் மண்ணில், கண்ணுக்குத் தெரியாத நூற்புழு இருந்தால் வேரைத் துளைத்துக் கன்றை நலியவைக்கும். அதைக் கொல்ல, மண்ணைப் பொலித்தீனால் மூடி மெதைல் புரோமைட்டு வாயுவை உள்ளே விடுவார்கள். பக்கத்தில் நிற்பவரின் நுரையீரலையும் நரம்பையும் தாக்கக்கூடிய நஞ்சு அது. மண்ணிலிருந்து கசிந்து மேலேயும் போகும். அதிலுள்ள புரோமின், ஓசோனை அழிப்பதில் குளோரினைவிட ஏறக்குறைய 60 மடங்கு பொல்லாதது.

ஓசோனைக் காக்க 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுதப்பட்டது. இலங்கை 1989இல் அதில் சேர்ந்தது. அதன்படி, வளர்முக நாடுகள் பயிர்ச்செய்கைக்கு மெதைல் புரோமைட்டுப் பாவிப்பதை 2015உடன் நிறுத்த வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் தவறணை கெட்டுவிடும் என்பதில்லை. மண்ணை நன்றாகச் சூடேற்றினாலும் நூற்புழு சாகும்.

மெதைல் புரோமைட்டு காற்றில் ஒரு வருடம்கூடத் தங்காது. அதனால் பாவனை குறையக் குறைய வானத்திலும் அது குறைந்தது. குளிர்சாதனப் பெட்டி வாயு அப்படியல்ல. 50, 100 வருடங்கள் கிடக்கும். அந்தாட்டிக்காவில் படை பழைய நிலைக்கு வர 2066 அளவாகும் என்று விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். இன்று பிள்ளைக் காம்பராவில் தூங்கும் குழந்தைக்கு அப்போது நாற்பது வயது ஆகியிருக்கும்.