சிறுவாடும் மினிமம் டியூவும்

எண்பதுகளில் மதுரை மேலப்பொன்னகரம், ஆரப்பாளையம் பக்கத்து மில் தொழிலாளர் வீடுகளில் யாருக்கு எவ்வளவு கடன் என்பது தெருவுக்கே தெரியும். மளிகைக் கடையில் பற்று நோட்டு ஒன்று ஆணியில் தொங்கும். சாமான் கட்டிக்கொண்டே, "போன மாசப் பாக்கி நிக்குதே தம்பி, அப்பாட்ட சொல்லு" என்பார் கடைக்காரர். பின்னால் நிற்கும் நாலு பேர் காதிலும் அது விழும். வெந்நீர் அண்டா அடகுக்குப் போனால், பக்கத்து வீட்டு அக்கா அந்த இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுவார். வட்டிக்காரர் சைக்கிளை வாசலில் ஸ்டாண்டு போட்டால் தெருவே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தும். கடன் ஊரறிந்த சமாச்சாரம். சேமிப்புதான் ரகசியம்.

அந்தச் சேமிப்புக்குப் பெயர் சிறுவாடு. பருப்பு டப்பாவின் அடியில், அரிசிப் பானைக்குள், சேலை மடிப்பில் என்று அது இருக்காத இடமில்லை. என் அம்மாவுடையது சாமி படத்துக்குப் பின்னால், அட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்தது. அப்பாவுக்குத் தெரியாது என்று அம்மா நம்பினார். தெரியும், ஆனால் கேட்கக் கூடாது என்று அப்பா வைத்திருந்தார். எங்களுக்கு ஜூரம் வந்த இரவுகளில் ஆட்டோவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரித்ததில்லை.

அப்பாவின் சம்பளத்தில் சொசைட்டிக் கடனுக்கான பிடித்தம் போக மிச்சம்தான் கைக்கு வரும். அதை அம்மா அன்று இரவே தரையில் பிரித்து வைப்பார். வாடகை, பால் கார்டு, மளிகைப் பாக்கி, ஏலச்சீட்டு, பள்ளிக்கூடம். கடன் இறுக்கும் மாதங்களில் வெட்டு விழுவது சமையலறையில். சாம்பார் ரசமாகும். இட்லிக்கு ரேஷன் அரிசி. காலை டீயின் தூள் சாயங்காலமும் ஒரு தடவை கொதிக்கும். அரை லிட்டர் பால் கால் லிட்டராகும். சினிமா கிடையாது. அவர் வெட்டியது சரியான இடம்தான். வருமானத்தில் பெரும்பங்கு வயிற்றுக்கே போன வீட்டில் வேறெங்கே கை வைக்க முடியும்? கால் லிட்டர் பாலைக் குறைத்தால் மாதக் கடைசியில் அது கண்ணுக்குத் தெரியும் தொகை.

அடைத்த வரிசைதான் விசித்திரம். வட்டியே இல்லாத கைமாற்றை, அதாவது சித்தப்பாவிடம் வாங்கிய ஐந்நூறை, முதலில் திருப்பினார்கள். அடுத்து மளிகை. நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கியது அதற்கப்புறம். அடகு நகை கடைசி, ஏனென்றால் அது வாய் திறந்து கேட்காது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது உள்ளே போகும் செயின், தீபாவளி போனஸில் வெளியே வரும், தை பிறந்ததும் மறுபடி போகும். சில வீடுகளில் அப்படியே மூழ்கியும் போகும். 1985 வாக்கில் பவுன் இரண்டாயிரம் ரூபாய்க்குள் இருந்தது. அதற்கே வட்டி ஏறி ஏறி, திருப்புவதைவிட விட்டுவிடுவது லாபம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. ஆக, வட்டி விகிதம் பார்த்து யாரும் அடைக்கவில்லை. மானம் எங்கே முதலில் போகுமோ அங்கே முதலில் அடைத்தார்கள்.

இப்போது அக்கா மகள் வீட்டுக்கு வருவோம். சென்னையில் மேடவாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட். அவளும் வேலைக்குப் போகிறாள், மாப்பிள்ளையும் போகிறார், மூன்று வயதில் ஒரு பையன். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 1,05,000 ரூபாய். அந்த வீட்டில் அண்டா எதுவும் அடகுக்குப் போகவில்லை. வாசலில் கார், சுவரில் பெரிய டிவி. பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் சேர்த்து வைத்தவை மாதிரிதான் இருக்கும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமா, நீங்க கணக்குல கெட்டி, கொஞ்சம் பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினாள். வீட்டுக் கடன் 30 லட்சம், எட்டரை சதவீதம், 20 வருஷம்: மாதம் 26,035. கார் கடன் 10,458. கல்யாணத்துக்கு வாங்கிய ஐந்து லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதத்தில்: 11,634. கிரெடிட் கார்டில் 60,000 நிலுவை, அதற்கு மினிமம் டியூ 3,000. ஐந்தாம் தேதிக்குள் பாதிச் சம்பளம் தானாகவே போய்விடுகிறது. யாரும் வந்து கேட்பதில்லை. குறுஞ்செய்தி மட்டும் வரும்.

இந்த நெருக்கடிக்கு அவள் செய்த முதல் காரியம், எங்கள் அம்மா செய்ததேதான். எண்ணெயை வேறு பிராண்டுக்கு மாற்றினாள், பையனின் பிஸ்கட்டைக் குறைத்தாள், வெளிச்சாப்பாடு வாரத்துக்கு ஒன்று என்று ஆக்கினாள். மாதம் ஆயிரத்து ஐந்நூறு மிச்சம். பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு அந்தக் கார்டுதான் கண்ணை உறுத்தியது. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 60,000-க்கு 2,100 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 378. மொத்தம் 2,478. அவள் 3,000 கட்டினால் அசலில் குறைவது 522 ரூபாய். சமையலறையில் ஒரு மாதம் பல்லைக் கடித்துச் சேர்த்ததைக் கார்டு ஒரே பில்லில் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கிறது. அன்றைக்கு வெட்டு விழுந்த இடமும் காசு ஒழுகிய இடமும் ஒன்று. இன்றைக்கு இரண்டும் வேறு வேறு.

மூணு வட்டி என்றாலே நெஞ்சில் கை வைத்த தலைமுறையின் பேத்தி, மூன்றரை வட்டிக்குச் சிரித்துக்கொண்டே கார்டு தேய்க்கிறாள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டமே வந்தது. கார்டு வட்டியோ அந்தப் பெயரில் அழைக்கப்படுவதில்லை. அது ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. பளபளப்பான அட்டையில் வந்தால் வட்டிக்கு மரியாதை கூடிவிடுகிறது போல.

தாளில் இருந்தது அவ்வளவுதானா என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் போனில் இரண்டு ஆப்களில் 'பே லேட்டர்' 22,000 இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. அவள் ஆபீஸ் தோழியிடம் 15,000 வாங்கியிருந்தாள். அது அவருக்குத் தெரியாது. சண்டை வரும் என்று பயந்து நான் டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டையும் தாளில் சேர்த்து எழுதியிருந்தார்கள், எழுத்து மட்டும் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது.

அன்று வீட்டுப் பெண்கள் சேமிப்பை மறைத்தார்கள். இன்று புருஷனும் பெண்டாட்டியும் கடனை மறைக்கிறார்கள். தலைகீழாகிவிட்டது. சிறுவாடு எப்போது போயிற்று என்று கேட்டால் என்னால் வருஷமே சொல்ல முடியும்: 2016. அந்த நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும், டப்பாவுக்குள் இருந்ததெல்லாம் வெட்கத்தோடு வெளியே வந்து வங்கி வரிசையில் நின்றது. யுபிஐ வந்ததும் அதே வருஷம்தான். சில்லறை கையில் தங்கினால்தானே எடுத்து ஒளித்து வைக்க? இப்போது எல்லாமே ஒரே கணக்கில் வந்து, ஒரே கணக்கிலிருந்து போகிறது. மறைத்து வைக்க மிஞ்சியது கடன் ஒன்றுதான்.

செலவைச் சுருக்கும் கதை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்தான் தொடங்கியது. முதலில் கார்டையும் பே லேட்டரையும் அடைக்க வேண்டும், 82,000 ரூபாய். கையில் இல்லை. பீரோவில் இரண்டு பவுன் வளையல் இருந்தது. 2025 அக்டோபரில் பவுன் 90,000-த்தைத் தாண்டிய நேரம் அது. வங்கியில் வைத்தால் ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் வட்டி. 82,000-க்கு மாதம் எழுநூறு ரூபாய்க்குள். கார்டு ஒன்றுக்கே 2,478 கட்டிய இடத்தில் இது. வளையலை வைத்து இரண்டையும் ஒரே நாளில் முடித்தாள்.

அடுத்த வாரம் அம்மா ஊரிலிருந்து வந்தார். எழுபத்தெட்டு வயது, கண் மட்டும் தெளிவு.

"வளையல் எங்கத்தா?"

"பேங்க்ல வச்சிருக்கேன் அம்மாச்சி."

"வைக்கிற அளவுக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு? ரெண்டு பேரும் சம்பாரிக்கிறீங்க!"

அம்மாவுக்கு அடகு என்றால் வீழ்ச்சி. பேத்திக்கு அதுவே மலிவான கடன். கார்டு வட்டியை அம்மாவின் பாஷையில், "நூத்துக்கு மூன்றரை வட்டிம்மா" என்று நான் சொன்ன பிறகுதான் அமைதியானார். ஆனால் ஒன்று கேட்டார், அது நியாயமான கேள்வி: "மறுபடி தேய்க்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?" வளையலை வைத்துக் கார்டை அடைத்துவிட்டு, காலியான கார்டில் மறுபடி வாங்கினால் இரண்டு கடனாகும். நிறைய பேர் விழுவது இங்கேதான். இவர்கள் இருவரும் கார்டுகளைப் போனிலிருந்தும் ஷாப்பிங் ஆப்களிலிருந்தும் நீக்கினார்கள். ஒரு கார்டை ரத்தே செய்தார்கள்.

அடுத்தது பேரம். அம்மா வாழைக்காய்க்கு நாலணா குறைக்க அரை மணி நேரம் நிற்பார். பேத்திக்கு அந்தக் கலை வராது என்றுதான் நினைத்திருந்தேன். 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து படிப்படியாக 5.25-க்குக் குறைத்தது. ஆனால் அவளுடைய வீட்டுக் கடன் வங்கியில் இல்லை, வீட்டுவசதி நிதி நிறுவனம் ஒன்றில். அங்கே கேட்டால்தான் குறையும். வேறு வங்கிக்குக் கடனை மாற்றப் போவதாக மின்னஞ்சல் அனுப்பினாள். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு அரை சதவீதம் இறக்கினார்கள். முப்பது லட்சத்தில் அரை சதவீதம் என்றால் மாதத் தவணையில் தொள்ளாயிரத்துச் சொச்சம். தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று கேட்டதுதான் கெட்டிக்காரத்தனம். வீட்டுக் கடனின் ஆரம்ப வருஷங்களில் கட்டுவதில் பெரும்பங்கு வட்டிக்கே போகிறது. அவளுடைய முதல் மாதத் தவணை 26,035-இல் வட்டி 21,250, அசல் 4,785. இந்தக் கணக்குப்படி வருஷத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே 20 வருஷக் கடன் மூன்று வருஷத்துக்கு மேல் முன்னதாக முடியும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. நிலையான வட்டியில் வாங்கிய பர்சனல் லோனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

சின்னச் சின்ன வெட்டுகளும் நடந்தன, அவற்றை நீட்டி முழக்கத் தேவையில்லை. பார்க்காத ஓடிடி சந்தாக்கள் மூன்று போயின. ஆபீஸுக்கு அவள் பாதி நாள் நகரப் பேருந்தில் போகிறாள்; சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைப்பது தெரிந்தும் அதுவரை கார்டைத் தூங்க வைத்திருந்தாள். அம்மாதான் பையைக் கையில் கொடுத்து அனுப்பினார். வரிசையில் நிற்பதில் அவளுக்கு இருந்த கூச்சம், ஒரு காலத்தில் மளிகைக் கடையில் எனக்கு இருந்த கூச்சத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

தொட முடியாத செலவு இரண்டு. ஒன்று பையனின் எல்கேஜி கட்டணம். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே இருவரும் ஒற்றுமையாகிவிடுகிறார்கள். இன்னொன்று மொய். மதுரைப் பக்கம் உறவுக்காரன் வீட்டு விசேஷத்துக்கு வெறுங்கையோடு போக முடியாது. நம் கல்யாணத்தில் அவர்கள் எழுதியது நோட்டில் இருக்கிறது. அதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் திருப்ப வேண்டும். அம்மா காலத்திலும் இதைச் சுருக்க முடியவில்லை. வட்டியில்லாக் கடன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் வரும் மாதம் நம் கையில் இல்லை.

தோழியின் 15,000-ஐ மிச்சக் கடன்களுக்கெல்லாம் முன்னால் திருப்பிக் கொடுத்தாள். அதற்கு வட்டி இல்லையே, பர்சனல் லோனுக்குப் போட்டிருக்கலாமே என்றேன். "தினமும் கேன்டீன்ல பக்கத்துல உக்காந்து சாப்பிடுறா மாமா" என்றாள். சித்தப்பாவின் ஐந்நூறு எனக்கு ஞாபகம் வந்தது, மேற்கொண்டு வாதாடவில்லை.

கார் இன்னும் கீழே நிற்கிறது. விற்றால் கடன் போக ஒன்றும் மிஞ்சாது என்கிறார் மாப்பிள்ளை. நிற்கும் ஒவ்வொரு மாதமும் 10,458, அதோடு இன்சூரன்ஸ், பெட்ரோல் என்கிறாள் அவள். என் கட்சி அவள் பக்கம். ஆனால் மாப்பிள்ளை வீட்டு விஷயத்தில் மாமா ஓரளவுக்கு மேல் பேசினால் அது வேறு மாதிரி ஆகிவிடும். வரும் போனஸில் வளையலைத் திருப்புவது என்று முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு அதில் ஒரு பங்கைப் போட்டு, மீதியை நோ காஸ்ட் இஎம்ஐயில் போன் மாற்ற ஆசை. அம்மா காதுக்கு அது இன்னும் போகவில்லை.