குறித்த வேளையில் நடக்கும் காரியங்கள்

கணக்குகளில் வட்டியைச் சேர்ப்பது, அன்றன்றைய பதிவேடுகளுக்கு நகல் எடுத்து வைப்பது, கெடு நெருங்கிய சந்தாதாரருக்கு ஞாபகமூட்டுவது போன்ற, ஒருமுறை செய்தால் தீர்ந்துவிடாமல் பிரதி தினமும் பிரதி மாதமும் செய்தாக வேண்டிய காரியங்களை, மனிதர் எவரும் அருகிருந்து ஏவாமலே கணினிகள் குறித்த வேளையில் செய்து வருகின்றன. இந்த ஏற்பாடு இயங்கும் விதத்தைச் சாமானிய வாசகரும் அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில், நம்முடைய பணமும் பத்திரங்களும் இன்று பெரும்பாலும் இதை நம்பியே இருக்கின்றன.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகி 1979-இல் வெளிவந்த, யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் ‘கிரான்’ என்னும் சிறு புரோகிராம் இடம்பெற்றிருந்தது. ஜாமக்காரனைப் போல நிமிஷத்துக்கு ஒருமுறை விழித்து, தன்னிடம் ஒப்படைத்த அட்டவணையைப் பார்த்து, அந்த நிமிஷத்துக்குரிய காரியம் ஏதேனும் இருந்தால் அதைத் தொடங்கிவைத்துவிட்டு மறுபடியும் கண்ணயர்வதே அதன் தொழில். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற ஐந்தும் வரிசையாக நிற்கும். எதுவானாலும் சரி என்பதற்கு நட்சத்திரக் குறி. ‘30 6 * * *’ என்று எழுதினால் தினந்தோறும் காலை ஆறரை மணி என்று பொருள்.

இந்தச் சுருக்கத்துக்குள் சில சூட்சுமங்கள் உண்டு. நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை என்று கருதி நிமிஷத்துக்குரிய இடத்தில் ‘*/40’ என எழுதுகிறவருக்கு, மணி தொடங்கும்போது ஒருமுறையும் நாற்பதாம் நிமிஷத்தில் ஒருமுறையும் காரியம் நடந்து, அடுத்தது இருபதே நிமிஷத்தில் வந்து நிற்கும். 31-ஆம் தேதிக்கென வைத்த காரியம் வருஷத்தில் ஏழு மாதங்களில் மட்டுமே நடக்கும். தேதி, கிழமை இரண்டையும் குறித்தால், இரண்டும் கூடி வரும் நாளுக்காகக் காத்திராமல், இரண்டில் எது வந்தாலும் கிரான் காரியத்தைத் தொடங்கிவிடும்.

பிற்காலத்தில், இயங்கிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு உள்ளேயே கிரானின் வேலையை வைத்துக்கொள்ளும் பொருட்டு, பிறர் எழுதி வைத்த ஆயத்தத் தொகுப்புகளான லைப்ரரிகள் தோன்றின. ஜாவா என்னும் கணினி மொழியில் குவார்ட்ஸ், பைத்தான் என்னும் மொழியில் ஏபிஷெட்யூலர் ஆகியவை பிரசித்தமானவை. நேரத்தைக் குறிப்பதில் இவை கிரானை ஒட்டியே நடக்கின்றன என்றாலும், அந்த நேரம் தவறினால் என்ன செய்வது என்ற கேள்வியை நேருக்கு நேராக எழுப்புவதே இவற்றின் சிறப்பு என்று நான் கருதுகிறேன். முந்தின தடவை தொடங்கிய வேலை முடியாதிருக்கும்போதே அடுத்த வேளை வந்துவிட்டால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஓடலாமா? ஏபிஷெட்யூலர், வேறு கட்டளை இல்லாத வரை, ஒன்றுக்கு மேல் ஓட அனுமதிப்பதில்லை. யந்திரம் நின்று கிடந்த நேரத்தில் ஐந்து வேளைகள் கடந்திருந்தால், ஐந்தையும் செய்வதா, ஒன்றாகச் சேர்த்து ஒரே தடவை செய்வதா என்பதையும் அதனிடம் சொல்லி வைக்கலாம். பதிவேட்டு நகலுக்கு ஒரு தடவை போதும். தினசரி வட்டிக்கோ ஐந்து நாள் கணக்கும் வந்தாக வேண்டும். இதைத் தீர்மானிப்பது காரியத்தின் தன்மையை உணர்ந்த மனிதருடைய கடமை.

நேரம் என்பதும் நாம் எண்ணுவதுபோல் நிலையானதன்று. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை மூன்றுக்குத் தள்ளிவிடுவதால், அன்றைக்கு இரண்டரை மணி என்ற ஒன்று வருவதே இல்லை. நவம்பரின் முதல் ஞாயிறன்றோ ஒன்றரை மணி இருமுறை வருகிறது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே பல சர்வர்களைச் சர்வதேசப் பொது நேரத்தில் ஓட்டுகிறார்கள். நம் நாட்டில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லையெனினும், அத்தகைய சர்வரில் காலை ஆறு மணிக் காரியத்தை 0.30 என்று குறிக்க மறந்தால், அது பகல் பதினொன்றரைக்குத்தான் நடக்கும்.

இவற்றையெல்லாம்விடக் கொடியது, காரியம் நடக்காததை ஒருவரும் அறியாதிருப்பது. 2017 ஜனவரி 31-ஆம் தேதி, கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் அழிக்க எண்ணிய தரவுத்தளக் கோப்புகளை மூலச் சர்வரிலேயே அழித்துவிட்டார். நாள்தோறும் எடுத்து வைத்திருக்க வேண்டிய நகலைத் தேடியபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பாக இருக்க, நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இருந்தமையால், குறித்த வேளையில் தொடங்கிய காரியம் ஒவ்வொரு தடவையும் தோல்வியுற்றிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும், அனுப்புநரின் உண்மையைச் சோதிக்கும் விதிக்கு இசையாதவை என்று திருப்பப்பட்டு, யாருடைய கண்ணிலும் படாமற் போயின. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன்னர் அதே பொறியாளர் வேறொரு காரணத்துக்காகக் கையால் எடுத்து வைத்த பிரதி ஒன்று இருந்தமையால் பெரும்பகுதி மீண்டது. நிறுவனம் இவ்வளவையும் ஒளிக்காமல் வெளியிட்டது போற்றத்தக்கது.

ஆகையால், இத்தகைய காரியங்களுக்குப் பொறுப்பேற்றிருப்போரை நான் வேண்டுவது இதுவே: தோல்வியுற்றால் செய்தி வரும் என்று காத்திராதீர்கள், செவ்வனே முடிந்தது என்ற செய்தி ஒவ்வொரு நாளும் வந்தாக வேண்டும், அது வராத நாளில் எச்சரிக்கை எழ வேண்டும் என்று ஏற்பாடு செய்யுங்கள், மாதம் ஒருமுறையேனும் அந்த நகலைத் திறந்து, அதிலிருந்து பதிவேட்டை உண்மையிலேயே மீட்டுப் பாருங்கள்.