சூப்பர் ஹீரோ ஜெயிச்சாரு, எழுதினவருக்கு என்ன கிடைச்சது? பத்தாண்டுக்கு ஒரு காமிக்ஸ் கதை

வழக்கமா இங்க வருமான வரி, எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுவோம். இந்த வாரம் காமிக்ஸ். "ஆடிட்டருக்கு வேலை இல்லையா?"ன்னு கேட்காதீங்க. இதுவும் வேலைதான்.

1970-களில் இருந்து இன்று வரை, ஒவ்வொரு பத்தாண்டுக்கும் எனக்குப் பிடித்த ஒரு சூப்பர் ஹீரோ கதையை எடுத்திருக்கிறேன். கதை எவ்வளவு நல்ல கதை என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கணக்குக் கேள்வி கேட்கப் போகிறேன்: இந்தக் கதையில் வந்த காசு யார் கைக்குப் போனது?

ஏன் இந்தக் கேள்வி? கடையநல்லூரில் உட்கார்ந்துகொண்டு துபாய் கடைக்கு போஸ்டர் டிசைன் செய்கிற தம்பிகள், யூடியூப் சேனலுக்கு எடிட்டிங் செய்கிறவர்கள், குரல் கொடுக்கிறவர்கள், ஆப்களுக்குத் தொடர்கதை எழுதுகிற அக்காமார்கள் இன்றைக்கு நிறைய இருக்கிறார்கள். ஒப்பந்தம் மொபைலில் பிடிஎஃப்பாக வரும். கடகடவென்று கீழே தள்ளி, விரலாலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். உள்ளே "எல்லா உரிமைகளும், என்றென்றைக்கும்" என்று ஒரு வரி இருக்கும். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

1970-கள்: இரும்புக்கை மாயாவி

நம்ம ஊரிலிருந்து புளியங்குடி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் சிவகாசி. பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர்போன அந்த ஊரில்தான் 1972-இல் முத்து காமிக்ஸ் பிறந்தது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'.

ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டேல். ஒரு கை போய், இரும்புக் கை பொருத்தியவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எனக்குப் பிடித்தது என்னவென்றால், இந்த ஆள் ஆரம்பத்தில் நல்லவரே இல்லை. கண்ணுக்குத் தெரியாத சக்தி கிடைத்ததும் முதலில் திருட்டு வேலைக்குத்தான் போகிறார். நிழற்படையில் உளவாளியாகச் சேர்ந்து நல்லது செய்வதெல்லாம் பிறகுதான்.

இது 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய தொடர். படம் வரைந்தவர்களில் முக்கியமானவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ பொதுவாகப் போடவே மாட்டார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதோடு உரிமை முழுவதும் பதிப்பாளருக்கு. தமிழில் வந்தாலும் வேறு எந்த மொழியில் வந்தாலும், உரிமைத் தொகை பதிப்பாளருக்குத்தான்.

இங்கே ரெண்டு வார்த்தையைப் பிரித்துப் புரிஞ்சுக்கோங்க. லைசென்ஸ் என்பது வீட்டை வாடகைக்கு விடுவது மாதிரி. வீடு உங்களுடையதாகவே இருக்கும். அசைன்மென்ட் என்பது கிரயம் எழுதிக் கொடுப்பது மாதிரி. எழுதிக் கொடுத்த பிறகு, அந்த வீட்டில் அவர்கள் மாடி கட்டி வாடகைக்கு விட்டாலும் நமக்குப் பங்கு கிடையாது. முத்து காமிக்ஸ் மாதிரிப் பதிப்பகங்கள் வெளிநாட்டுக் கதைகளை எடுப்பது முதல் வகை. அந்த ஓவியர்கள் தங்கள் பதிப்பாளருக்குக் கொடுத்தது இரண்டாவது வகை.

1980-கள்: குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர்

1984-இல் சிவகாசியிலிருந்தே லயன் காமிக்ஸ் வந்தது. அதில் வந்த 'எத்தனுக்கு எத்தன்' கதையின் நாயகன் ஸ்பைடர். இவன் அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லை. கூர்மையான காது, வலைத் துப்பாக்கி, பறக்கும் கார், உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் தானே ராஜா ஆக வேண்டும் என்ற ஆசை. வில்லனே ஹீரோ! போலீஸையும் ஏமாற்றுவான், மற்ற திருடர்களையும் ஏமாற்றுவான்.

இந்தத் தொடரும் 1965-இல் பிரிட்டனில் தொடங்கியது. சில கதைகளுக்குப் பிறகு எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். யார் இவர்? சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். உலகத்தின் முதல் பெரிய சூப்பர் ஹீரோவை உருவாக்கினவர், ஏன் கடல் தாண்டி ஒரு வார இதழுக்குப் பெயர் கூடப் போடாமல் எழுத வந்தார்?

1938-இல் சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இருவருக்கும் சேர்த்துத்தான் 130. அவர்களுக்கு வந்த காசோலை 412 டாலர். அதில் சூப்பர்மேனுக்கு 130, மீதி மற்ற வேலைகளுக்கான கூலி. பிறகு வழக்குப் போட்டார்கள், வேலை போனது. 1975-இல், சூப்பர்மேன் சினிமா வரப்போகிற நேரத்தில், பொதுமக்கள் கேள்வி கேட்ட பிறகுதான் வார்னர் நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், படைப்பாளிகளாகப் பெயரும் கொடுக்க ஒத்துக்கொண்டது.

கொடுமை என்னவென்றால், அந்தப் பழைய காசோலைத் தாள் 2012-இல் ஏலத்துக்கு வந்தபோது 1,60,000 டாலருக்குப் போனது. காசோலையில் இருந்த தொகையை விடக் காசோலைக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்!

1990-கள்: ராணி காமிக்ஸின் முகமூடி மாயாவி

தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் 1984-இல் தொடங்கியதுதான். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு ராணி காமிக்ஸ் என்றால் மாயாவி, மண்டை ஓட்டுக் குகை, முகத்தில் விழும் மோதிர முத்திரை. லீ ஃபாக் 1936-இல் உருவாக்கிய ஃபேண்டம்தான் இவர். 1999-இல் இறக்கும் வரை ஃபாக் கதை எழுதிக்கொண்டே இருந்தார்.

இதில் எனக்குப் பிடித்தது மாயாவியின் பூர்வகதை. 1536-இல் கடற்கொள்ளையரிடம் தப்பிக் கரை ஒதுங்கிய ஒருவர், தந்தையைக் கொன்றவனின் மண்டை ஓட்டின் மேல் சத்தியம் செய்கிறார். அப்பாவுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று 21 தலைமுறை. ஊர் உலகம் இவருக்குச் சாவே இல்லை என்று நம்புகிறது. இத்தனை தலைமுறைக்குக் கேஒய்சி எப்படி அப்டேட் செய்தார்களோ தெரியாது!

ஆனால் மாயாவி குடும்பம் ஒரு விஷயத்தில் நம் குடும்பங்களை விட மேல். நடந்ததையெல்லாம் ஒவ்வொருவரும் பெரிய பெரிய குறிப்பேடுகளில் எழுதி வைப்பார்கள். பொக்கிஷமும் இரண்டு அறைகளில் இருக்கும். தங்கமும் ரத்தினமும் ஒன்றில், அலெக்சாண்டரின் வைரக் கிண்ணம் மாதிரி விலை போட முடியாதவை இன்னொன்றில். எங்கே என்ன இருக்கிறது என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியும்.

நம் வீட்டில்? இந்தியச் சட்டப்படி, புத்தகத்தின் காப்புரிமை ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். அதுவும் நிலம், நகை மாதிரி வாரிசுக்குப் போகிற சொத்து. யூடியூப் வருமானமும் அப்படித்தான். உயிலில் அதற்கும் ஒரு வரி எழுதுங்க. நாமினி போட்டாச்சே என்று விட்டுவிடாதீங்க. பங்குகளுக்கு நாமினியாக இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

2000-கள்: ஸ்பைடர்மேன் இந்தியா

2005-இல் ராணி காமிக்ஸ் நின்றது. தமிழ் காமிக்ஸுக்கு வறட்சியான காலம். அதற்கு முந்தைய ஆண்டு, 2004-இல், 'ஸ்பைடர்மேன் இந்தியா' வந்தது. கிராமத்திலிருந்து மும்பைக்குப் படிக்க வந்த பவித்ர் பிரபாகர், சிலந்தி உடையோடு வேட்டி கட்டியவன். வரைந்தவர் ஜீவன் காங். மொத்தம் 4 இதழ்கள், அவ்வளவுதான்.

இதில் சுவாரஸ்யம் கதைக்கு வெளியே இருக்கிறது. மார்வெல் நிறுவனம் 1996-இல் திவாலானது. கையில் காசு இல்லாமல் ஸ்பைடர்மேன் பட உரிமையை சோனிக்குக் கொடுத்தது. 2005-இல் மீதமிருந்த 10 கதாபாத்திரங்களின் பட உரிமையை அடமானம் வைத்து, மெரில் லிஞ்சிடம் 52.5 கோடி டாலர் வரை கடன் ஏற்பாடு செய்தது. நாம நகையை வைக்கிற மாதிரி, அவங்க ஹீரோவை வைச்சாங்க. அந்தக் கடனில் எடுத்த முதல் படம் 2008-இல் வந்த 'அயர்ன் மேன்'. அடுத்த ஆண்டே டிஸ்னி 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்குவதாக அறிவித்தது.

நான்கே இதழ் வந்த பவித்ர் பிரபாகர் என்ன ஆனான்? 2023-இல் 'அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' படத்தில் உலகத் திரைக்கு வந்துவிட்டான். 19 ஆண்டு தூங்கிய உரிமை. அதனால் "இது சின்ன வேலைதானே, உரிமையை வைச்சு என்ன செய்யப் போறோம்?"னு நினைக்காதீங்க.

2010-கள்: மிஸ் மார்வெல்

2014-இல் வந்த கமலா கான் கதை. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தான் வம்சாவளிப் பெண். அப்பா வங்கி ஊழியர். ராத்திரி பார்ட்டிக்குப் போகக் கூடாது என்று வீட்டில் தடை. சக்தி கிடைத்ததும் முதலில் வேறொரு பொன்னிறக் கூந்தல் ஹீரோயினாகவே மாறிவிடுகிறாள். பிறகுதான் தன் முகத்தோடு நிற்கக் கற்றுக்கொள்கிறாள். வளைகுடாவுக்கும் ஊருக்கும் நடுவே வளர்ந்த நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தவிப்பு நன்றாகவே புரியும். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன். முதல் தொகுதி 2015-இல் ஹியூகோ விருது வாங்கியது.

இங்கே எழுதியவர் பெயர் அட்டையிலேயே இருக்கிறது. ஆனால் கமலா கான் மார்வெலின் சொத்து. பெயர் வேறு, உரிமை வேறு. இந்தியச் சட்டம் இப்படிப் பார்க்கிறது:

- சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது அந்த வேலையின் பகுதியாக உருவாக்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பொதுவாக உரிமை முதலாளிக்கு.
- ஃப்ரீலான்சராக எழுதினால், எழுதிக் கொடுக்காத வரை பொதுவாக உரிமை உங்களுக்கு.
- காசு வாங்கிக்கொண்டு பிறருக்காக எடுக்கும் போட்டோ, வீடியோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை காசு கொடுத்தவருக்கு. கல்யாண போட்டோகிராபர்கள் கவனிக்கவும்.
- உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் அர்த்தம்.

கடைசிப் பாயிண்டை மறுபடி படிங்க. சட்டம் இயல்பாகவே உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. "என்றென்றைக்கும், உலகம் முழுக்க" என்ற வரியில் கையெழுத்துப் போட்டு அதை நாமேதான் விட்டுக்கொடுக்கிறோம்.

2020-கள்: மறுபடியும் இரும்புக்கை

2018-இல் பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனம் பழைய வார இதழ்களின் உரிமைக் களஞ்சியத்தை வாங்கியது. 2021-இல் இரும்புக்கை மாயாவியின் தொடக்கக் கதைகளும், ஸ்பைடர் கதைகளும் அங்கே அழகான தொகுப்புகளாக வந்தன. 1962-இல் பக்கக் கூலிக்கு வரைந்த படங்கள், ஏறக்குறைய 60 ஆண்டு கழித்துப் புதுக் காசு சம்பாதிக்கின்றன. இந்தப் பத்தாண்டின் என் தேர்வும் அதே முதல் கதைதான். இப்போது படித்தாலும் அந்தரத்தில் வரும் கை மிரட்டுகிறது. நம்ம முத்து காமிக்ஸும் 2022-இல் 50 வயதைத் தொட்டது.

பரணில் பழைய காமிக்ஸ் இருக்கா?

1938-இல் 10 சென்ட்டுக்கு விற்ற சூப்பர்மேன் முதல் இதழ் ஒன்று 2024-இல் 60 லட்சம் டாலருக்குப் போனது. 86 ஆண்டில், ஆண்டுக்குச் சுமார் 23% வளர்ச்சி. உடனே பழைய இதழ்களை வாங்கிக் குவிக்கக் கிளம்பாதீங்க. அச்சானது சுமார் 2 லட்சம் பிரதிகள், மிச்சம் இருப்பது சுமார் 100 என்கிறார்கள். அதிலும் இது நல்ல நிலையில் இருந்த ஒன்று. கரையான் தின்ற மீதிப் பிரதிகளின் வருமானத்தை யாரும் செய்தியாகப் போடுவதில்லை.

வீட்டில் படிக்க வைத்திருந்த புத்தகங்களை விற்றால், அவை சொந்த உபயோகப் பொருள் என்பதால் பொதுவாக மூலதன ஆதாய வரி வராது. ஓவியர் கையால் வரைந்த அசல் ஓவியம் என்றால் அந்த விலக்கு இல்லை. வாங்கி வாங்கி விற்றால் அது வியாபார வருமானம்.

கையெழுத்துக்கு முன் 4 கேள்விகள்

1. இது வாடகையா, கிரயமா?
2. எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு?
3. புத்தகம், ஆடியோ, சினிமா, மொழிபெயர்ப்பு: எதைக் கொடுக்கிறேன், எதை வைத்துக்கொள்கிறேன்?
4. அவர்களுக்குப் பெரிய லாபம் வந்தால் எனக்கு ராயல்டி உண்டா?

ராயல்டி வந்தால் இன்னொரு விஷயம். இந்தியாவில் வசிக்கும் எழுத்தாளர்களுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 80 க்யூக்யூபி பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. பாடநூல், நோட்ஸ் போன்றவற்றுக்குக் கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 2026 ஏப்ரல் முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டு முழுசா எழுதிக் கொடுக்க வேண்டி வரலாம். அது தப்பில்லை. ஆனால் அது கிரயம் என்று தெரிந்து, கிரயத்துக்கான விலையைக் கேட்டு வாங்குங்க. ஒப்பந்தத்தின் ஒரு பிரதியைப் பத்திரமா வைங்க. மாயாவி குறிப்பேடு மாதிரி, அது உங்க பிள்ளைகளுக்கும் தேவைப்படும்.