300 எப்படி 11,265 ஆகிறது?

அன்புவழிபுரத்தில் எங்கள் பெரியம்மாவின் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டியிருந்தது. அட்டைக்கான படத்தைக் கனடாவிலிருந்து அவருடைய மகன் மின்னஞ்சலில் அனுப்பினார். ஐபோனில் எடுத்தது, நெற்றித் திருநீற்றுக் கீறுகூடத் தெரியும். பென் டிரைவில் போட்டுக்கொண்டு திருகோணமலை நகரில் ஒரு வடிவமைப்புக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். “அண்ணை, இது திறக்குதில்லை. ஜேபெக்கா அனுப்பச் சொல்லுங்கோ.”

படத்தில் பழுது எதுவும் இருக்கவில்லை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் படங்களை ‘ஹெய்க்’ வடிவில் சேமிக்கின்றன. ஜேபெக்குக்குத் தேவைப்படும் இடத்தில் ஏறத்தாழப் பாதி போதும். அந்தச் சுருக்கை அவிழ்க்கும் வித்தை கடையின் பழைய கணினிக்குத் தெரியாது.

எந்தப் படக் கோப்பும் கணினிக்கு ஓர் எண் வரிசைதான். எந்த எண் அகலம், எது நிறம், எந்தப் பக்கமிருந்து வாசிப்பது என்ற உடன்பாட்டையே கோப்பு வடிவம் என்கிறோம். உடன்பாடு பிசகினால் என்ன ஆகும்? ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுதலாம். 300 பிக்சல் அகலத்தைக் குறிக்க இரண்டு பைட் வேண்டும்: 256 ஒரு தடவை, மிச்சம் 44. மோட்டோரோலா சில்லு பூட்டிய அந்நாளைய மெக்கின்டோஷ் இதை 1, 44 என்று எழுதும். இன்டெல் சில்லு பூட்டிய ஐபிஎம் கணினி 44, 1 என்று எழுதும். ஒன்று எழுதியதை மற்றது தன் வழக்கப்படி வாசித்தால் 300 என்பது 11,265 ஆகிவிடும். நாங்கள் 3/4 என்று எழுதும் ஏப்ரல் 3ஐ அமெரிக்காவில் மார்ச் 4 என்று வாசிப்பதைப் போலத்தான்.

1986இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்த டிஃப் வடிவம் இதற்கு ஒரு வழி வைத்தது. கோப்பின் தொடக்கத்தில் இரண்டு ‘ஐ’ இருந்தால் இன்டெல் முறை, இரண்டு ‘எம்’ இருந்தால் மோட்டோரோலா முறை. எப்படி வாசிக்க வேண்டும் என்பதைக் கோப்பே முதலில் சொல்லிவிடுகிறது.

வடிவங்கள் பெருகியபோது அடுத்த தலையிடி வந்தது. பத்து வடிவங்களை ஒன்றுக்கொன்று நேரடியாக மாற்ற 90 நிரல்கள் வேண்டும். நடுவில் ஒரு பொதுவடிவம் இருந்தால், அதற்குள் வரப் பத்து, வெளியேறப் பத்து, ஆக 20 போதும். ஜெஃப் போஸ்கான்சர் 1988இல் வெளியிட்ட பிபிஎம்பிளஸ் நிரல் தொகுப்பு இந்த வழியில் போனது. அதன் மிக எளிய வடிவத்தில் கறுப்புக்கு 1, வெள்ளைக்கு 0. ‘ட’ எழுத்தை அதில் இப்படி வரையலாம்:

1 0 0 0
1 0 0 0
1 1 1 1

வெறும் எழுத்தாக இருப்பதால் மின்னஞ்சலிலும் சிதையாமல் போய்ச் சேரும்.

ஆனால் எல்லா மாற்றமும் இப்படி நட்டமில்லாமல் முடியாது. மகன் ஜேபெக்காக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கி வந்தது. பெரிதாக்கினால் திருநீற்றுக் கீறு வெறும் கலங்கல். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் பிடிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடும். சுருக்கச் சுருக்க இன்னும் கழியும். கழிந்தது திரும்பாது. “டொக்கியுமெண்டா அனுப்பச் சொல்லுங்கோ” என்றார் தம்பி. அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் கோப்பில் கை வைக்காது.

அடுத்தது எழுத்து. கடையில் பாமினி எழுத்துருதான். அதில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகளே பல்லிளிக்கும். அதனால் அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளை ‘கேர்வ்’ ஆக்குவார்கள். அதன்பின் ‘அம்மா’ சொல் அல்ல, சில வளைகோடுகள். எந்தக் கணினியிலும் ஒரே மாதிரித் தெரியும். ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

பெரியம்மாவின் ஊர்ப்பெயரில் ‘ற’ வரவேண்டிய இடத்தில் ‘ர’ விழுந்திருந்ததை, கேர்வ் ஆக்கிய பிறகுதான் கண்டேன். எனக்கு நெஞ்சு திக்கென்றது. தம்பி அசரவில்லை. கேர்வ் ஆக்குமுன் சேமித்த கோப்பைத் திறந்து, ஒரு விசையைத் தட்டி, மறுபடி மாற்றினார்.

வேலை முடிந்ததும் ஹெய்க் படத்தை அழிக்கப் போனேன். “அது கிடக்கட்டும் அண்ணை” என்று அதையும் அந்தக் கோப்புறைக்குள்ளேயே போட்டார், அவருடைய கணினியில் இன்னும் திறக்காத அந்தப் படத்தை.